எழுநூறு கிலோபைட்

வால்டிவியாவில் மழை, வழக்கம்போல்.
மீன் அங்காடிப் படித்துறையில் கடற்சிங்கங்கள்
யாருக்கோ ஏலம் கூறிக்கொண்டிருக்கின்றன.
மாடியில், மீனவர் சங்கத்தின் பழைய ஐஸ் கிடங்கில்
செவ்வாய்தோறும் நாங்கள்
செத்த மடிக்கணினிகளை எழுப்புகிறோம்.

ஒரியானா ஆன்டிலெஃப் கொண்டுவந்தது
மூலை உடைந்தது, விசைகளுக்கிடையில் மீன்செதில்.
சங்கத்தின் கணக்கு அவள் கையில்.
பதினொரு படகுகளின் பிடிப்பை
நள்ளிரவுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.

இருபது நிமிடத்தில் நிறுவினேன்.
ஒவ்வொரு வரியும் திறந்தது,
ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் பெயர் உண்டு,
அதில் மூன்று வரி என்னுடையது
என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.
"நல்லது," என்றாள். "இணையம் எங்கே?"

வைஃபை இல்லை.
சில்லுக்கு ஒரு கோப்பு வேண்டும்,
எழுநூறு கிலோபைட்,
செய்த நிறுவனம் தைத்து மூடித் தருவது.
எங்கள் வட்டில் அது கிடையாது.
கட்டற்ற மென்பொருளில்
அவிழ்க்க முடியாத கட்டுக்கு
இடமில்லை என்று வாக்களித்தவர்களில்
நானும் ஒருவன்.

"விஷமா?"
"தெரியாது."
"யாருக்குத் தெரியும்?"
"வெளியே யாருக்கும் தெரியாது. அதுதான் விஷயம்."

டப்பாவில் வரும் கானாங்கெளுத்தியை
ஆலையைப் பார்த்துவிட்டா தின்கிறோம், என்றாள்.
டப்பாவின் மேல் சேர்மானம் எழுதியிருக்கும், என்றேன்.
யோசித்தாள்.
மணி ஒன்பதே கால்.

ஒப்புக்கொள்கிறேன்:
என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்டிரைவ்,
நாலு வருடமாக, சாவிக்கொத்தோடு.
ஓட்டுப் போட்ட அதே கைதான்
இதையும் எடுத்து நீட்டுகிறது.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
இரண்டும் நனைந்ததுதான் மிச்சம்.
எதிர் மேசையில் ரெமிஹியோ
பார்க்காததுபோல் பார்த்தான்.
அவனிடமும் ஒன்று இருக்கிறது.

திரையில் உரிம ஒப்பந்தம் வந்தது.
"சம்மதம் என்று அழுத்துங்கள். எல்லோரும் அழுத்துவார்கள்."
அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள்.
படித்தாள். முதலிலிருந்து,
படகு வாங்கும் பத்திரம்போல், விரல் வைத்து.
பதினாறு வருடத்தில்
அதைப் படித்த முதல் ஆளை அன்றுதான் பார்க்கிறேன்.

ஒன்பதாம் பிரிவில் விரல் நின்றது.
"பிரித்துப் பார்க்கக் கூடாதாமே?"
"ஆமாம்."
"என் பொருளை? நானே?"
"ஆமாம்."
மாப்புச்சே மொழியில் ஏதோ சொன்னாள்.
பொருள் கேட்கும் தைரியம் வரவில்லை.

பிரிக்காதே என்று மறைத்தவனும்
தராதே என்று மறித்தவனும்
அந்தத் திரையின் இருபுறம் நின்றோம்.
நடுவில் பதினொரு படகுகள்.

அழுத்தினாள்.
சாளை நான்கு டன், நண்டு இரண்டு பெட்டி,
எல்லாம் கரையேறியது அரசின் கணக்கில்.
பிறகு கைப்பையிலிருந்து
மீன்பெட்டிக்கு ஒட்டும் சீட்டை எடுத்து
மடிக்கணினி முதுகில் எழுதி ஒட்டினாள்:
*உள்ளே ஒன்று. என்னவென்று தெரியாது.
தெரிந்தே வாங்கிக்கொண்டேன்.*
தேதி. கையெழுத்து.

அடுத்த மாதம் மீண்டும் வாக்கெடுப்பு.
கொடுக்கலாம் என்று போட்டேன் இம்முறை.
தனி அறையில், கதவில் பெயர் எழுதி,
விளக்கைப் போட்டு,
கேட்ட பிறகு மட்டும்.
ரெமிஹியோ இரண்டு வாரம் பேசவில்லை.
பேசியபோது கேட்டான்:
"இன்று வைஃபை. நாளைக்கு?
திறந்த கதவை எந்தக் கோப்புக்கு மூடுவாய்?"
என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை.
பென்டிரைவை மட்டும்
சாவிக்கொத்திலிருந்து கழற்றிவிட்டேன்.

ஒரியானா இப்போதும் வருகிறாள்,
சில செவ்வாய்களில் செய்தித்தாளில் சுற்றிய மீனோடு.
மழைக்கோட்டைக் கழற்றுமுன் கேட்பாள்:
"அந்தக் கட்டை யாராவது அவிழ்த்தார்களா?"
"இன்னும் இல்லை."

சீட்டின் ஓரம் உரிந்திருக்கிறது.
என் மேசையிலிருந்து நாடா வாங்கி
மறுபடி ஒட்டிக்கொண்டு
படியிறங்குகிறாள்.