நாற்பத்து மூன்றாம் குடும்பம்

நீன்பர்க் சந்தைக்கு ஒன்பது கிலோமீட்டர்.
அட்டவணையில் பச்சை நிறம் கொடுத்தேன்.
வண்டி எரித்த டீசல், கிணற்று நீரின் அளவு,
அதே கறுப்பு பிளாஸ்டிக்கை எத்தனை வருடம்
திரும்பத் திரும்ப விரிக்கிறார் ஹின்னர்க் ப்ரூனிங் என்பதுவரை
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

அஸ்பாரகஸ். நம் பக்கத்துத்
தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட உறவு.
இங்கே அதை வெளிச்சம் படாமல் வளர்க்கிறார்கள்.
தலை மண்ணைக் கீறும் முன்
விரலை விட்டுத் துழாவி
நீளக் கத்தியால் அடியில் ஒரு குத்து.
வெயிலைப் பார்த்துவிட்டால் நுனி ஊதாவாகும்,
விலை இறங்கும்.

கத்தி பிடித்த கைக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.
"அவர்கள் இந்தக் கிராமத்தார் இல்லை,
பருவத்துக்கு வந்து போகிறவர்கள்,
நம் மாதிரிக்குள் வரமாட்டார்கள்" என்றார்
பேராசிரியர் ஹைட்ரூன் வெஸல்ஸ்.
கெட்டவர் இல்லை. என் விசாவுக்கு
மூன்று கடிதம் எழுதியவர்.

ஆனாலும் போனேன்.
கொட்டகைக்குப் பின்னால், மூன்றாம் கண்டெய்னர்.
வஸ்லூயிலிருந்து முப்பத்தொரு மணி நேரப் பேருந்து,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.
தண்டு போவது ஒன்பது.
கை வந்தது இத்தனை.
திண்டிவனத்திலிருந்து கணக்கெடுக்க வந்தவளின் தூரம்
இன்னும் தனி.
எந்தப் பத்தியில் கூட்டுவது?

கேள்வி பதினேழு:
இங்கு விளைவதை நீங்கள் உண்பதுண்டா?
வியோரிகா வாளியைக் காலால் நகர்த்திக் காட்டினாள்.
வளைந்தது, பிளந்தது, நுனி ஒடிந்தது.
"நேரானது எல்லாம் உங்களுக்கு."
உங்களுக்கு என்றாளே,
அதில் நான் எப்போது சேர்ந்தேன்?

பிறகு அவள் கேட்டாள்:
என் பதிலுக்கு உனக்கு எவ்வளவு?
சொன்னேன். மாதச் சம்பளத்தை
விரல் விட்டு மணிக்கணக்காகப் பிரித்தாள்.
கட்டிலுக்கென்று பிடித்துக்கொள்கிறார்களா என்றாள்.
இல்லை.
"ம்" என்றாள்.
ஒலிப்பதிவில் அந்த "ம்"
மற்ற எதையும்விடத் தெளிவாக இருக்கிறது.

இரவு, கள ஆய்வுக் கையேடு, இரண்டாம் பக்கம்:
குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்போர்.
ரத்தம் என்று எழுதவில்லை.
நிலம் என்று எழுதவில்லை.
இத்தனை நாள் மனப்பாடமாகச் சொன்ன வரி.

நான்கு பெண்கள், நான்கு ஊர்,
இரண்டு தட்டு மின்னடுப்பு, அதில் ஒன்று பழுது.
வரிசை எண் நாற்பத்து மூன்று.

குடும்பத் தலைவர் யார் என்றதும்
சிரித்துச் சிரித்து லெனுட்சாவுக்குப் புரையேறியது.
கடைசியில், நாலரைக்கு முதலில் எழுந்து
கெட்டில் வைக்கும் டோய்னா என்று முடிவானது.
தொழில்?
"எழுது, தலைவர்" என்றாள் டோய்னா.
எழுதினேன்.

யோவான் நாளோடு அறுவடை நின்றது.
எழுத்துப்படியைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டு
ஜூலையில் போனால் கண்டெய்னரில் பூட்டு.
சன்னல் கம்பியில் ஒற்றைக் கையுறை.
பிளாஸ்டிக் சுருட்டப்பட்ட வயலில்
வெட்டாமல் விட்டவை
என் நெற்றி உயரத்துக்குப் பச்சை இறகாய் விரிந்து
காற்றில் தம் பாட்டுக்கு ஆடின.
யாரும் விலை கேட்காத உயரம்.

வரைவு திரும்பி வந்திருக்கிறது.
நாற்பத்து மூன்றின் ஓரத்தில்
வெஸல்ஸ் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
அடிக்கவில்லை.
கேள்விக்குறி மட்டும்தான்.
வளைந்தது,
வாளிக்குப் போகும் ரகம்.