ஒரு ஜோடி

முதல் பாடம் எனக்கு வந்தது
அட்டவணைப்படி. நான் கேட்டு வாங்கவில்லை.
பேரணாம்பட்டில் பூமி லேசாக நடுங்கி
அலமாரிப் பாத்திரங்கள் தமக்குள் பேசிக்கொண்ட
வருஷத்துக்கு மறுவருஷம்,
ஆடி மாத ஞாயிறு.
கோயிலில் மின்விசிறிகள் எல்லாம் ஓடின.
நின்றால் இறக்கையில் படிக்கலாம்:
உபயம், ஞானசிகாமணி குடும்பத்தார்.

ஞானசிகாமணி முன்வரிசையில் இருந்தார்.
எங்களை ஷூ கம்பெனிக்கு
வேனில் ஏற்றி அனுப்புகிறவர்.
பதினோரு மாதம் எங்கள் பி.எஃப். பணத்தைப்
பிடித்தவர், கட்டாதவர்.
கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.
என் அப்பா சாவுக்குப் பெட்டி வாங்கித் தந்தார்.
சம்பளத்தில் அதையும் பிடித்தார்.

வாசித்தேன்.
ஆமோஸ் என்ற ஆட்டுக்காரர்
தெக்கோவாவை விட்டு வடக்கே போய்ப் பேசியது.
முதலில் பக்கத்து ஊர்களைத் திட்டினார்.
கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள்,
குடியாத்தத்தைத் திட்டினால் நாங்கள் ஆட்டுகிற மாதிரி.
வட்டம் சுருங்கிச் சுருங்கி
அவர்கள் காலடிக்கே வந்தது:
ஏழையை நீங்கள்
ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றவர்கள் என்று.

அங்கே என் வாய் நின்றது.
பெட்டியில் ஒட்டுகிற விலையை
ஒருமுறை பார்த்திருக்கிறேன், யூரோவில்.
பெருக்கியும் பார்த்திருக்கிறேன்.
என் மாதச் சம்பளம்
ஒரு ஜோடிக்கு இருநூறு ரூபாய் குறைவு.

மறுபடி ஆரம்பித்தபோது
தவறுதலாக அதே வரியை
இன்னொரு முறை வாசித்தேன்.
தவறுதலாகத்தான்.

ஆராதனை முடிந்து செயலாளர் வந்தார்.
அடுத்த மாதம் நீ வாசிக்க வேண்டாம்,
தொண்டை கட்டியிருக்கிறது உனக்கு.
கட்டவில்லை.
பெத்தேலில் ஒரு பூசாரியும் ஆமோஸிடம்
இதே மரியாதையோடுதான் சொன்னான்:
உன் ஊருக்குப் போ, அங்கே பேசிப் பிழைத்துக்கொள்,
இது ராஜாவின் கோயில்.
அவர் பதில் எனக்குப் பிடிக்கும்.
நான் தீர்க்கதரிசி இல்லை, என் அப்பனும் இல்லை.
ஆடு பார்க்கிறேன். காட்டத்தி மரத்தில் வேலை.

காட்டத்திக் காயைக் கத்தி முனையால்
கீறிவிட்டால்தான் பழுக்குமாம்.
ஒவ்வொரு காயாக.

என் தம்பி சாத்கர் மலையடியில் ஆடு மேய்க்கிறான்.
சிறுத்தை அடித்தால்
காதைக் கொண்டுவா என்கிறது இன்ஷூரன்ஸ்,
மஞ்சள் வில்லை தொங்கும் காது.
இல்லாவிட்டால் ஆடே இருந்ததில்லை.
ஆமோஸுக்கும் இது தெரியும்:
சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் பிடுங்குவது
இரண்டு காலோ, துண்டுக் காதோ.
அவரிலும் அவ்வளவுதான் மிச்சம்.
பெண்டாட்டி பேர் தெரியாது.
எப்படிச் செத்தார், ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
இரண்டாயிரத்தெழுநூறு வருஷம் தின்று தீர்த்தபின்
வாயோரம் மிஞ்சிய ஒரு காது.
கேட்கிற காது என்று எழுத வந்தேன்.
வேண்டாம், ரொம்ப அழகாக இருக்கிறது.

திங்கட்கிழமை வேனில் ஜைபுன்னிசா கேட்டாள்,
இன்னாமே, சர்ச்சுல ரெண்டு வாட்டி படிச்சியாமே?
சொன்னேன்.
செருப்பப் பத்தி ஒரு நபி பேசினாரா?
எங்கள்ல அந்தப் பேர் கேட்டதில்ல.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
பேர் சொல்லாத நபிங்களும் உண்டும்மாங்க.

பாலம் வந்தது. கீழே
தோல் கழுவிய தண்ணீர் ஒரு கோடு.
நியாயம் வற்றாத ஆறாக ஓடட்டும் என்றாராம்.
எங்கள் ஆற்றின் பெயர் மலட்டாறு.
முன்னமே சொல்லியிருந்தால்
வேறு உவமை தேடியிருப்பார்.

ஜைபுன்னிசா போனை எடுத்தாள்.
பதினொன்று. பெருக்கல் குறி.
நாம எத்தனை பேரு?
நாற்பத்திரண்டு என்றது முன்சீட்டு.
நாற்பத்திமூணு, ரோசலினை விட்டுட்டே,
பிரசவத்துக்குப் போனவ, அவளையும் போடு
என்றது பின்சீட்டு.

டிரைவர் பாட்டைக் குறைத்தார்.