கேட்பதற்கு அரை ஆம்பியர்

புயல் போன இரண்டாம் இரவு.
தேவனாம்பட்டினத்தில்
ஒரு கம்பமும் நிமிர்ந்து நிற்கவில்லை.
சங்கத்து ஒயர்லெஸ் அறையில்
நானும் பேட்டரியும்
கணக்குப் போட ஒரு காலண்டர் தாளும்.

லேபிள் நூறு என்கிறது.
வாங்கி நாலு வருஷம்.
போன கோடையில் டிஸ்டில்டு வாட்டர்
ஊற்ற மறந்தது நான்தான்.
அறுபது என்று போட்டுக்கொள்கிறேன்.

பேசினால் ஆறு ஆம்பியர்.
கேட்டுக்கொண்டிருந்தால் அரை.
விளக்கு ஒன்றரை.

விளக்கோடு கேட்டால் முப்பது மணி நேரம்.
அணைத்தேன்.
இருட்டில் அறுபதை அரையால் வகுத்தேன்:
நூற்றிருபது. ஐந்து நாள்,
வாயே திறக்காமல் இருந்தால்.

தேசப்பன் பெண்சாதி கதவருகே நிற்கிறாள்,
கையில் செத்த போன்.
"ஒரு கோடு ஏறினா போதும் கஸ்தூரி,
அடிச்சா எடுக்கணும்ல."
இதுக்கும் அரை ஆம்பியர் போகும்க்கா,
இன்னொரு ரேடியோ கேக்குற அளவு, என்றேன்.
அது அவளுக்கு மறுப்பாகப் படவில்லை.
"அப்போ ரெண்டு பேரும் கேப்போம்"
என்று ஒயரை நீட்டினாள்.

நூற்றிருபதை அடித்து
அறுபது என்று எழுதினேன்.

மணிக்கொருதரம் பொத்தானை அமுக்கி
படகின் பெயரைச் சொல்கிறேன், அரை நிமிஷம்.
விட்டதும் இரைச்சல்.
மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஒன்று.
இன்னும் ஒருதரம் கூப்பிடலாம்,
கணக்கு இடம் கொடுக்கிறது.

என் பக்கத்துக் கணக்கு.

படகிலும் ஒரு பேட்டரி இருக்கும்.
அதை எப்போது மாற்றினார்கள் என்று
இவளிடம் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.