ழகரத்தில் ஒரு கணு

எழும்பூர்ப் பாலத்தடியில்
ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான்
முதலில் பார்த்தேன்.
யாரோ பி. தணிகாசலம், வயது அறுபத்தொன்று.
அவர் பெயரில் ழ இல்லை.
"ஆழ்ந்த இரங்கல்" என்பதில் இருந்தது.
வாலில் ஒரு சின்னக் கணு.
அது என்னுடையது.

மூன்று வருடம்,
ஆபீஸ் விட்டுப் பெரம்பூர் வந்து, சாப்பிட்டு,
பத்து மணிக்கு மேல் வளைத்த எழுத்துரு.
இருநூற்று நாற்பத்தேழு,
அதற்கு மேல் கிரந்தம், எண்கள், ரூபாய்க் குறி.
கூவம் என்று பெயர் வைத்தேன். சிரித்தார்கள்.
விலை ஆயிரத்து இருநூறு.
வாங்கியவர்கள் பதினொரு பேர்.

ழ வரைந்த இரவு கரண்ட் போனது.
திரும்பி வந்தபோது வாலில் ஒரு புள்ளி
ஆறு அலகு இறங்கி நின்றிருக்கிறது.
கவனிக்காமல் வெளியிட்டுவிட்டேன்.

பிறகு ஊரெல்லாம் அந்தக் கணு.
சைதாப்பேட்டை பிரியாணிக் கடையில் கோழி,
மாம்பலம் நகைக்கடையில் மகிழ்ச்சி,
கவுன்சிலர் பிளெக்ஸில் வாழ்க வாழ்க,
கண்ணில் இரண்டு தரம் இடித்தது.
டெலிகிராமில் தேடினால் அதன் பெயர் ராயல் 07.
ஐந்நூறு எழுத்துருக்களோடு ஒரே மூட்டை,
இலவசம்,
கைகூப்பும் பொம்மையோடு.

வேப்பேரியில் சைபர் கிரைம் மாடியில்
எஸ்.ஐ. மரியாதையாகத்தான் கேட்டார்.
"ஏம்மா, அ ஆ எல்லாம் எல்லாருக்கும் பொதுதானே,
அதை எப்படித் திருட முடியும்?
பணம் எதுனா போச்சா?
ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா?"
அவர் தலைக்கு மேல் பலகை:
விழிப்புடன் இருங்கள்.
ழியின் வாலில் என் கணு.
காட்டவில்லை.
காட்டினால் அவரையும் சேர்க்க வேண்டிவரும்.

தம்புசெட்டித் தெருவில் வக்கீல் நிலோஃபர்
டீ ஆறும்வரை கேட்டுவிட்டுச் சொன்னார்:
"உருவத்துக்குன்னு வாதாடினா இழுக்கும்.
அதை வரையச் சொல்ற கட்டளை நீங்க எழுதினது,
அது மென்பொருள். அதைப் பிடிப்போம்."
ஆக, தூங்காமல் நான் வளைத்த வளைவுக்கு
வாதமில்லை.
அதன் கணக்குக்கு உண்டு.
"அப்புறம் அந்தத் தப்பு.
ரெண்டு பேர் தனித்தனியா சரியா வரையலாம்.
ஒரே இடத்துல ஒரே தப்பு பண்ண மாட்டாங்க.
திருத்திடாதீங்க.
கோப்பைத் தொடவே தொடாதீங்க."

ஹாஷ் எடுத்துக் கையெழுத்திட்டோம்.
அறுபத்து நான்கு எழுத்து,
ஒன்றுகூடத் தமிழில்லை.

அவரிடம் சொல்லாதது ஒன்று:
கூவத்தை வரையத் தொடங்கிய மென்பொருளே
ரிச்சி தெருவில் நூற்றைம்பது ரூபாய் டிவிடி.
பிறகு காசு கொடுத்து வாங்கிவிட்டேன்.
முதல் நாற்பது எழுத்துக்குப் பிறகு.

நோட்டீஸ் போன பதினேழாம் நாள்
மூட்டை காணாமல் போனது.
அடுத்த வெள்ளிக்கிழமை
ராயல் 08 வந்தது.

இறக்கி, ழவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கணு இல்லை.
யாரோ உட்கார்ந்து சரிசெய்திருக்கிறான்.
புள்ளியை ஏற்றியதோடு விடவில்லை.
இருபக்கக் கைப்பிடியையும் நீட்டி,
வால் முடியும் இடத்தில் மை கொஞ்சம் மெலிய விட்டு,
மூன்று வருடத்தில்
என் கைக்கு வராத வளைவு.

இனி அந்தத் தப்பு சாட்சிக்கு வராது.
நிலோஃபருக்கு இன்னும் சொல்லவில்லை.

பன்னிரண்டு தாண்டிவிட்டது.
கேரேஜ் பக்கம் ஏதோ கூட்ஸ் வண்டி
நின்று நின்று போகிறது.
திரையில் இடப்பக்கம் என் ழ,
வலப்பக்கம் அவனுடையது.
அவன் என்று ஏன் சொல்கிறேன், தெரியவில்லை.
பிளெக்ஸ் கடைகளில் இன்னும் பழையதுதான் ஓடுகிறது.
விடிந்தால் பாலத்தடியில்
வேறு யாருக்காவது ஆழ்ந்த இரங்கல்,
என் தப்போடு.

கர்சர் அவன் புள்ளியின் மேல் நிற்கிறது.
நகலெடுக்க இரண்டே விசை.
கோப்பைத் தொடக்கூடாது என்று
வக்கீல் சொல்லியிருக்கிறார்.