எடைச்சீட்டின் பின்புறம்

ஐந்து பெயர் வேண்டும்.
நாலு எழுதிவிட்டேன்.
எடைமேடையில் கொப்பரை லாரி ஏறுகிறது.
மொத்த எடை, அப்புறம் காலி வண்டி எடை,
கழித்தால் சரக்கு.
பதினாறு வருசமாக இதே கழித்தல்தான்.
ஓர் ஆளைக் கழிக்க
இந்தச் சீட்டில் கட்டமில்லை.

கரூரில் இரண்டு ஆட்டமும் தோற்றோம்.
உள்ளரங்கம், மரத்தரை.
அவர்களுடைய ஆறேமுக்கால் அடி ஆல்வின்
கூடைக்கு அடியிலேயே குடித்தனம் வைத்துவிட்டான்.
மூன்றாவது இங்கே, உடுமலையில்,
திறந்த மைதானம், ஆடிக் காற்று.
ஒரே புள்ளியில் பிழைத்தோம்,
அவர்களுடைய கடைசி எறிதல்
ஒரு முழம் தள்ளிப் போனதால்.
யாரோ எங்களுக்காகப் பட்டாசு வெடித்தார்கள்.
காற்றுக்கு வெடித்திருக்க வேண்டும்.

ராத்திரி வீடியோவை எட்டுத் தரம் பார்த்தேன்.
சென்னியப்பனுக்கு உயரத்தில்தான் பந்து கொடுப்போம்,
தலைகளுக்கு மேலே,
அவன் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில்.
இப்போது அந்த இடத்தில்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நிற்கிறது.
பதினேழு தரம் கொடுத்தோம்.
ஒன்பது களவு போனது.

அவனுக்குப் பதில் பாசித்.
செல்போன் கடைப் பையன், ஐந்தரை அடி,
பந்தை முழங்காலுக்கு மேலே விடமாட்டான்.
குட்டையான ஐந்து பேர், தரையோடு தரையாக.
கணக்குச் சரி.
பேனா மட்டும் நாலாவது பேரிலேயே நிற்கிறது.

சாயங்காலம் பேக்கரிக்கு அவனே வந்தான்,
கயிறு மில்லிலிருந்து, புருவத்தில் நார்த்தூசியோடு.
"ஏனுங் கோச்சு, நாளைக்கு எத்தன மணிக்கு வரோணுங்?"
"அஞ்சுக்கு."
"செரீங்."
அப்போதே சொல்லியிருக்கலாம்.
வாயில் தேங்காய் பன் இருந்தது.
என் வாயிலில்லை, அவன் வாயில்.

மைக்கில்தான் தெரிந்துகொண்டான்.
பாசித் பேரைச் சொன்னபோது
விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.
நிறுத்தவில்லை.
சுண்டுவிரல் வரைக்கும் சுற்றி,
பல்லால் கடித்து அறுத்து,
பலகையின் கோடியில் போய் உட்கார்ந்தான்.
அந்தப் பக்கம் தாழ்ந்தது.
இந்தக் கோடியில் நான் லேசாக எழும்பினேன்.

ஆறு நிமிசத்தில் பன்னிரண்டுக்கு நாலு.
சோளக்காட்டில் காடை விரட்டுகிறவன் மாதிரி
ஆல்வின் குனிந்து குனிந்து ஓடினான்.
கரூர் கோச் ஞானசுந்தரி டைம் அவுட் கேட்டார்.
என்னை ஒரு பார்வை, வானத்தை ஒரு பார்வை.
ஆல்வினை உட்கார வைத்து
குட்டைப் பையன் ஒருத்தனை இறக்கினார்.

அதற்குப் பிறகு பத்துக் குட்டையர்கள்
முட்டிக்கொண்டு ஓட,
ஸ்கோர் மேசைக்கு அந்தப்புறம் ஒரு நெட்டையன்,
இந்தப்புறம் ஒரு நெட்டையன்.
மூன்றாவது கால் பகுதியில்
சென்னியப்பன் தோளிலிருந்த துண்டைக் காற்று பறித்தது.
மேசைக்கு மேலே, மணியடிப்பவர் தலைக்கு மேலே போன அதை
உட்கார்ந்தபடியே கை நீட்டிப் பிடித்தான் ஆல்வின்.
அன்றைக்கு உயரத்தில் போய்
ஒழுங்காகச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

நாலு புள்ளியில் ஜெயித்தோம்.
பாசித்தைத் தூக்கினார்கள்.
சென்னியப்பனும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.
அவன் பக்கம் ஓங்கிப் போய்
பாசித் கடைசி வரைக்கும் சரிந்தே இருந்தான்,
வெற்றிப் படத்திலும் அப்படியே.

ரெண்டுக்கு ரெண்டு.
ஞாயிற்றுக்கிழமை கரூர்.
அங்கே கூரை உண்டு, காற்றில்லை.
அவனைப் போட்டால் அந்தம்மா ஆல்வினைப் போடுவார்.
போடாவிட்டாலும் போடுவார்.
இல்லை, நான் அப்படி நினைப்பேன் என்று நினைத்து,
இந்நேரம் அவரும் ஏதோ ஒரு தாளின் பின்புறத்தில்.

போன் அடிக்கிறது. சென்னியப்பன்.
வாழ்த்தில்லை, வருத்தமில்லை.
"கோச்சு, வேன்ல முன் சீட்டு எனக்குங்.
காலு நீட்டோணும்."
"சரி" என்றேன்.

எடைச்சீட்டைத் திருப்பி எழுதினேன்:
முன் சீட்டு, சென்னியப்பன்.
அதற்குக் கீழே ஐந்து வரி காலி.
மேடையில் லாரி ஹாரன் அடிக்கிறான்,
இறங்கலாமா என்று.