அரை நூல் சரிவு

எஸ்தெலியில் காலை பத்து மணி.
வெறும் வயிறும் இல்லை, நிறைந்த வயிறும் இல்லை.
உப்பில்லாத பிஸ்கட் இரண்டு, சோடா ஒரு மடக்கு.
என் நாக்குக்குத்தான் தொழிற்சாலை சம்பளம் தருகிறது;
மீதி உடம்பு கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கணக்கர் பெனவிதெஸ் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.
கையில் என் குறிப்பேட்டின் நகல்.
"ஒரே தோட்டம், ஒரே அறுவடை, ஒரே கலவை.
மூன்று சுருட்டுக்கு மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள்.
பொய் சொல்வது இலையா, நீங்களா?"

புகைத்ததே இல்லை அவர்.
பல் இன்னும் பால் வெள்ளை. சட்டையும்.

வாதாடவில்லை. ஒல்லியானதைக் கொடுத்தேன்,
சுண்டுவிரல் தடிமன், ஒரு சாண் நீளம்.
அவசரக்காரர். மூச்சுவிடாமல் மூன்று இழுப்பு.
கண்ணில் நீர் முட்டியது.
"எரிக்கிறது."
எரிக்கும். ஒல்லிக்கு உள்ளே ஆள் குறைவு;
மேலே போர்த்திய இலைதான் பேசும்,
மிளகும் தோலும் கருகிய சர்க்கரையுமாக.
நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டால் போதும்.
துரத்தினால் கடிக்கும்.

அடுத்தது தடியன். கட்டைவிரலைவிடப் பருமன்.
வாய் கொள்ளாமல் கவ்விக்கொண்டு விழித்தார்.
புகை ஆறிப்போய், மெதுவாக வந்தது:
ஈர மண், கொக்கோ, மழையில் நனைந்த பலகை.
"இதில் ஒன்றுமே இல்லையே" என்றார்.
பத்து நிமிடம் கழித்து, "இருக்கிறது" என்றார்.
சாம்பல் ஓர் அங்குலம் விழாமல் நின்றது.
தூங்கும் குழந்தையை யாரோ மடியில் வைத்துவிட்டுப் போனதுபோல்
அசையாமல் இருந்தார்.

மூன்றாவது கூம்புத் தலை.
நுனியை நானே வெட்டினேன்.
குறைத்து வெட்டினால் சளி பிடித்த மூக்காய் இழுக்கும்;
கூட வெட்டினால் கூம்பு எதற்கு?
அகலத்தில் பிறந்த புகை ஒடுக்கத்தில் நெருக்கியடித்து
நாக்கின் நடுவே ஒரே புள்ளியில் இறங்குகிறது.
சந்தைக் கூட்டம் முழுவதும் ஒரே வாசலில் வெளியேறும்போது
ஒவ்வொரு முகமாகத் தெரியுமே,
அப்படி.

பெனவிதெஸ் நெடுநேரம் வாயைத் திறக்கவில்லை.
பிறகு, "நீங்கள் எழுதியது சரி."
ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது.
மொட்டைத் தலை என்றால் ஒரு நாளைக்கு முந்நூறு உருட்டலாம்.
கூம்பு என்றால் நூற்றெழுபது.
கூம்பு நிறுத்தம்.
அவர் நாக்கு ஒப்புக்கொண்டதை
அவர் பென்சில் ஒப்புக்கொள்ளவில்லை.
குறை சொல்லமாட்டேன். எங்கள் சம்பளமும்
அந்தப் பென்சிலில்தான் இருக்கிறது.

நூபியா பதினோரு வருடம் கூம்புக்குத் தலை கட்டியவள்.
ஜன்னலோர மேசையிலிருந்து நடு வரிசைக்கு மாற்றினார்கள்.
"மொட்டையா? கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்" என்றாள்.
அதுதான் சிக்கல். கண்ணை மூடினால்
விரல்கள் தங்கள் வழியில் போய்விடுகின்றன.

வாரத்துக்கு ஒன்றிரண்டு என் தட்டுக்கு வருகின்றன:
நீளம் சரி, எடை சரி, பெயர் மொட்டைத் தலை.
தோளருகே மட்டும் அரை நூல் சரிவு.
அளவுத் துளையில் விட்டால் லேசாக ஆடும்.
விதிப்படி அந்தக் கட்டையே ஒதுக்க வேண்டும்.

பற்றவைக்கிறேன்.
முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில்
நாக்கின் நடுவே, அதே புள்ளியில்,
யாரோ வந்து நிற்கிறார்கள்.
'வடிவம்' என்ற கட்டத்தில்
'சரி' என்று எழுதுகிறேன்.

நேற்று பெனவிதெஸ் வந்தார், இம்முறை கதவைத் தட்டி.
தட்டிலிருந்து ஒன்றை எடுத்து
அதன் தலையைக் கட்டைவிரலால் தடவினார்.
ஒருமுறை. மறுபடியும்.
என்னைப் பார்க்கவில்லை.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு,
"இதைக் கணக்கில் எழுதவேண்டாம்" என்றார்.