நாற்பத்தேழு ரூபாய்

இரண்டு சாக்குகள்.
தரதரவென்று இழுத்துவந்து
மேசைக்கு முன்னால் போட்டான் முஸ்தகீம்.
ஒன்பது மாத பாக்கி, இருபத்தேழாயிரம்,
ஒற்றை ரூபாயும் இரண்டு ரூபாயுமாக.
"காசு காசுதானே, ஐயா."
சிரித்தவர்கள் சிரித்தார்கள்.
நானும், கொஞ்சம்.

அலிகர் குடும்ப நீதிமன்றத்தில்
பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்.
ஒரு வரி என் விரல்களுக்கு மனப்பாடம்:
'தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி.'
பெயரை மட்டும் மாற்றுவேன்.
ஃபூல்வதி, சபீஹா, ராம்ஸ்ரீ, இப்போது நிகத்.
மதம் கேட்காத பிரிவு அது.
யார் வந்தாலும்
இயலாதவள் என்றே எழுதிக்கொள்ளும்.

முஸ்தகீமின் வக்கீல் போன வருடம்
அந்த வரியில்தான் கை வைத்தார்:
"பூட்டுக் கம்பெனிக்குச் சாவி அராவுகிறாள்.
நூறு சாவிக்கு இவ்வளவென்று கூலி.
இவளா இயலாதவள்?"

நிகத் அழவில்லை.
"உயிரோடு இருக்கிறேன்," என்றாள்,
"அதற்கு அபராதமா?"
அதை நான் அடிக்கவில்லை.
பதிவில் சேர்க்கச் சொல்லி
யாரும் சொல்லவில்லை.

இன்று நீதிபதி சாக்கைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார்.
"எண்ணுங்கள். முடியும்வரை
அவரும் இங்கேயே இருக்கட்டும்."
யார் எண்ணுவது என்று சொல்வதற்குள்
அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாவி எண்ணிய விரல்கள்.
பத்துப் பத்தாக அடுக்கு,
அடுக்கு பத்தானால் ஒரு வரிசை.
உதடு அசையவில்லை.
வாசலில் அடுத்த வழக்கைக் கூவினார்கள்,
அதற்கும் அடுத்ததை.
வந்தவர்கள் காசைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.
முஸ்தகீம் முதலில் நின்றான்,
பிறகு சுவரில் சாய்ந்தான்,
சாப்பாட்டு நேரம் தாண்டியதும்
சாக்கின் மறுபுறம் குந்திவிட்டான்.
வீட்டைவிட்டுப் போன பிறகு
இவ்வளவு நேரம் அவள் எதிரே
அவன் இருந்ததில்லை.

நாலேகால் மணி.
"நாற்பத்தேழு ரூபாய் குறைகிறது."

சட்டைப்பையைத் துழாவி
ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினான்.
வாங்கிக்கொண்டு
மூன்று காசுகளை
அவன் பக்கமாகத் தரையில் நகர்த்தினாள்,
ஒவ்வொன்றாக.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ரசீதில் கையெழுத்துப் போட்டாள்.
"அடுத்த மாதம் பத்தாம் தேதி,"
அவனிடமா, என்னிடமா, தெரியவில்லை.
சாக்குகளை ஒவ்வொன்றாக
ரிக்‌ஷாவரை அவளே இழுத்தாள்.
நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்,
அவ்வளவுதான்.

மறுபடி மேசை. புதிய மனு.
பெயர்: கம்லேஷ், வயது முப்பத்தொன்று.
'தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள'
வரை வந்து
விரல் நின்றது.

அந்தச் சொல் இல்லாமல்
அவளுக்குப் பணம் இல்லை.

அடித்தேன்.